மீந்துபோன சுகர் ஸ்டிரிப்புக்கு விலை என்ன?

(கம்பம் பள்ளத்தாக்குத் தோழர்கள் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நான் பேசப்போவது பெரிய தத்துவ விசாரம் ஒன்றும் அல்ல. என் அக்காள் வீட்டில் கிடந்த 14 அட்டைப் பெட்டிகளைப் பற்றிய சங்கதிதான். சர்க்கரை வியாதிக்காரர்கள் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை வைத்துப் பார்க்கிறார்களே, அந்த ஸ்டிரிப் அடங்கிய பெட்டிகள். இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். இந்தக் கூட்டத்தில் யார் யார் வீட்டில் சுகர் மிஷின் இருக்கிறது என்று கை தூக்கச் சொன்னால், தூக்காத கையைத்தான் எண்ண வேண்டியிருக்கும். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி நம் நாட்டில் இந்த வியாதி உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். அதற்கு வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். நம்முடைய பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைத் தின்னக்கூடாது என்று டாக்டர் சொல்லி, அதை விளைவித்தவனே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வீடுகள் இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை!

நிற்க. என் அக்காள் இருப்பது சின்னமனூரில். மச்சான் தை மாதம் காலமானார். பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. அவர் மகன், அதாவது என் மருமகன், அமெரிக்காவில் வேலையில் இருக்கிறான். அப்பாவுக்கென்று வரும்போதெல்லாம் மிஷினும் ஸ்டிரிப்பும் கொண்டுவந்து குவித்தான். மச்சானோ, குத்துகிற வலிக்குப் பயந்து வாரத்துக்கு ஒரு தரம் பார்ப்பதே அபூர்வம். ஆளும் போய்விட்டார், பெட்டிகள் மட்டும் நின்றன. அக்காள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ஆஸ்பத்திரிச் செலவுக்கு சொசைட்டியில நகை கெடக்கு. இது அம்புட்டும் காசு போட்டு வாங்குன சாமான். எவனுக்காச்சும் வித்துக் குடுத்துரு" என்றார்.

நானும் சரியென்று விசாரித்தேன். ஒருவர் வந்தார். அவர் பேரோ ஊரோ இங்கே வேண்டாம். பெட்டிகளை எண்ணினார், கம்பெனிப் பேரைப் பார்த்தார். "பெட்டிக்கு 300 ரூபாய், ரொக்கம்" என்றார். 14 பெட்டிக்கு 4,200 ரூபாய். அக்காள் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிவைப் பார்த்தேன். எனக்கும் சந்தோஷம்தான். பணத்தை வாங்கக் கை நீட்டுகிற சமயத்தில்தான் ஒன்று உறைத்தது: இந்த மனிதர் ஒரு பெட்டியைக்கூடத் திருப்பித் தேதியைப் பார்க்கவில்லையே! "நாளைக்கு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டேன்.

தோழர்களே! விலை சொல்லுவதில் நம் பள்ளத்தாக்குக்காரர்களை யாரும் ஏமாற்ற முடியாது என்பதாக நமக்கு ஒரு பெருமை உண்டு. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலத்துக்கு வருகிறவர் காயைக் கையில் வாங்கி, நிறத்தைப் பார்த்து, பருமனைப் பார்த்து, நசுக்கி முகர்ந்து பார்த்து, எந்தத் தரம் என்று சொல்லிவிடுகிறார். வாழைத்தாருக்குச் சீப்பை எண்ணுகிறோம். மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். பல்லோடு நிறுத்திக்கொள்கிறோமா? சுழி பார்க்கிறோம். நன்றாகக் கறக்கிற மாட்டை, முதுகில் மயிர் சுற்றியிருக்கிற இடம் சரியில்லை என்று வேண்டாமென்கிறோம். மயிர்ச் சுழிக்கு இவ்வளவு ஜாக்கிரதையாயிருக்கிற நாம், உயிரைத் தீர்மானிக்கிற ஒரு சாமானை, அட்டையில் போட்ட பேரைப் பார்த்து வாங்கவும் விற்கவும் தயாராயிருக்கிறோம்.

அப்படியானால் இந்த ஸ்டிரிப்பை எப்படிப் பார்த்து விலை சொல்லுவது? இதுதான் நான் அன்று இரவு முழுவதும் யோசித்தது.

முதலில் அது என்ன என்று தெரிய வேண்டும். பார்வைக்கு ஒரு பிளாஸ்டிக் துணுக்கு. அதன் நுனியில் ஒரு நொதி பூசியிருக்கிறது. பாலைத் தயிராக்க உறை ஊற்றுகிறோம். அந்த உறையில் உள்ள உயிர்ப்பொருள் பாலில் வேலை செய்கிறதல்லவா? அதுபோல இந்த நொதி இரத்தத்திலுள்ள சர்க்கரையில் மட்டும் வேலை செய்கிறது. அந்த வேலையில் உண்டாகிற சிறு மின்சாரத்தை மிஷின் அளந்து எண்ணாகக் காட்டுகிறது. உறை மோர் கெட்டுப்போனால் தயிர் காட்டிக் கொடுத்துவிடும். நொதி கெட்டுப்போனாலோ, மிஷின் சில சமயம் தவறென்று குறி காட்டும். பல சமயம் தைரியமாக ஏதோ ஒரு பொய் எண்ணைக் காட்டும். வெயிலும் ஈரமும்தான் அதற்கு எமன். ஆகையால்தான் ஈரத்தை உறிஞ்சும் மருந்து வைத்த டப்பாவில் அடைத்து, 30 டிகிரிக்கு மேல் வைக்காதே, ஐஸ் பெட்டியிலும் வைக்காதே, எடுத்தவுடன் மூடு என்று கம்பெனிக்காரன் அச்சடித்திருக்கிறான். சில கம்பெனி டப்பாக்களுக்கு, திறந்த நாளிலிருந்து இத்தனை மாதம் என்று தனிக் கெடுவும் உண்டு. வெயிலில் வெந்த ஸ்டிரிப்புக்கும் நல்ல ஸ்டிரிப்புக்கும் நிறத்தில் வித்தியாசம் கிடையாது, வாசனையில் கிடையாது, எடையில் கிடையாது. ஏலக்காய்க்காரரின் கண்ணும் மூக்கும் இங்கே செல்லாது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பெரிய சந்தையே இருக்கிறது. தெருவிளக்குக் கம்பங்களில், "சர்க்கரை ஸ்டிரிப்புக்கு ரொக்கம் தரப்படும்" என்று போன் நம்பரோடு அட்டை தொங்குகிறதாம் என்று மருமகன் சொன்னான்; பத்திரிகைகளிலும் எழுதியிருக்கிறார்கள். காரணம் என்னவென்றால், அங்கே இன்ஷ்யூரன்ஸ் உள்ளவனுக்கு இந்தப் பெட்டிகள் சொற்பக் காசுக்கு வந்துவிடுகின்றன. இன்ஷ்யூரன்ஸ் இல்லாத ஏழை அதே பெட்டியைக் கடையில் முழு விலைக்கு வாங்கவேண்டும். பெரிய கம்பெனி ஸ்டிரிப் ஒன்று ஒரு டாலருக்கு மேல் விற்றதுண்டு. ஒருவன் வீட்டில் மிஞ்சுகிறது, இன்னொருவனுக்கு வாங்க வழியில்லை. இருவருக்கும் நடுவில் தரகன் கடை விரிக்கிறான். அந்தத் தரகர்கள் விலை போடுகிற முறையைக் கேளுங்கள். காலாவதித் தேதிக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பாக்கியிருந்தால் நல்ல விலை, சில மாதமே இருந்தால் பாதியோ காலோ. பெட்டி நசுங்கியிருந்தால் குறைவு. முத்திரை பிரிந்திருந்தால் ஒன்றுமில்லை. நோயாளி பேர் ஒட்டிய சீட்டைப் பெட்டி கிழியாமல் உரித்தெடுக்க முடியாவிட்டால் அதற்கும் கழிவு. இத்தனையும் யாருக்காக? அடுத்து வாங்குகிறவன் கண்ணுக்குப் பெட்டி புதிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக! உள்ளே நொதி உயிரோடிருக்கிறதா என்பதைப்பற்றி அந்த விலைப்பட்டியலில் தேதியைத் தவிர வேறொரு பேச்சும் கிடையாது. பெட்டி எந்த வண்டியில் எத்தனை நாள் வெயிலில் நின்றது என்று கேட்பாரில்லை. 2019 ஏப்ரலில் அந்நாட்டு உணவு மருந்து இலாகா, ஒருவர் வைத்திருந்த ஸ்டிரிப்பை வாங்கி உபயோகிக்க வேண்டாம் என்று எச்சரிக்கை போட்டது. பொய் எண் வரும் என்பது ஒன்று. திறந்த டப்பாவில் பிறர் இரத்தம் பட்டிருந்தால் தொற்று வரலாம் என்பது இன்னொன்று.

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். கனடா தேசத்தில் 1921-22-ல் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923-ல் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொரண்டோ சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். பாண்டிங் என்ற முக்கியஸ்தர் அந்தப் பத்திரத்தில் தம் பேரைச் சேர்க்கவே முதலில் மறுத்தார். மருந்தைக் கண்டவன் ஒரு டாலருக்குக் கொடுத்தான். அந்த மருந்தை எவ்வளவு போடுவது என்று அளந்து பார்க்கிற ஒற்றைத் துணுக்கு ஒரு டாலருக்கு மேல் விற்றிருக்கிறது! 1969 வாக்கில் இன்ஜினீயர் பெர்ன்ஸ்டீன் என்ற சர்க்கரை வியாதிக்காரர் தமக்கு ஒரு மிஷின் வேண்டும் என்று கேட்டபோது, டாக்டர்களுக்குத்தான் விற்போம் என்றார்கள். அவர் மனைவி டாக்டராயிருந்ததால் அவர் பேரில் வாங்கினார். நோயாளி தன் இரத்தத்தைத் தானே பார்க்கலாம் என்பதற்கே இப்படி ஒரு சண்டை நடந்திருக்கிறது. அப்படிக் கிடைத்த உரிமையை, எண் சரியா தப்பா என்று தெரியாத ஸ்டிரிப்பை வைத்துக்கொண்டு நாம் அனுபவிப்பதா?

நம் ஊருக்கு வருவோம். கடையில் இன்று ஒரு ஸ்டிரிப் கம்பெனிக்குத் தக்கபடி ஏறக்குறைய 10 ரூபாயிலிருந்து 20, 25 ரூபாய் வரை விற்கிறது. ஏலத்தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர்களுக்கு இது சாதாரணத் தொகை அல்ல. ஆகவே பாதி விலைக்குக் கிடைக்கும் என்றால் வாங்க ஆளிருக்கிறது. அந்த ஆள் யார் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சோறாக்கி, ஜீப்பில் நெருக்கிக்கொண்டு மலையேறி, இடுக்கி ஜில்லாத் தோட்டத்தில் காயெடுத்துவிட்டு இருட்டிய பிறகு இறங்குகிற பெண்பிள்ளை. அவள் இன்சுலின் போட்டுக்கொள்கிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட ஸ்டிரிப் அவள் சர்க்கரை 300 என்று காட்டுகிறது, உண்மையில் 150. அந்த எண்ணை நம்பி அதிகமாக மருந்தைப் போட்டுக்கொண்டு ஜீப் ஏறுகிறாள். பத்து மணிக்கு ஏலச்செடிகளுக்கு நடுவே வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, நினைவு தப்பி விழுகிறாள். பக்கத்தில் யாரும் இல்லை. மாறாக, 300-ஐ 150 என்று காட்டினால்? இன்று ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் அவள் நன்றாயிருக்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருப்பாள். காலில் ஆறாத புண்ணோடு கானாவிலக்கு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றுதான் சங்கதி வெளியாகும். எங்களுக்கு வரவிருந்த 4,200 ரூபாய் இவளிடமிருந்துதான் வரவேண்டும்.

"சரி, சோதித்துப் பார்த்து விற்பதுதானே?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சோதிக்க வழி இருக்கிறது. இவ்வளவு சர்க்கரை என்று அளவு தெரிந்த ஒரு திரவம் கம்பெனிக்காரர்களே செய்கிறார்கள்; அதை ஒரு சொட்டு ஸ்டிரிப்பில் வைத்தால், டப்பாவில் அச்சடித்த எண்ணுக்குள் விடை வரவேண்டும். நம் ஊர் மருந்துக்கடையில் அது கேட்டவுடன் கிடைக்கிற சாமான் அல்ல. இன்னொரு வழி, ஆய்வுக்கூடத்தில் இரத்தம் கொடுக்கிற அதே வேளையில் விரலிலும் குத்தி மிஷினில் பார்த்து, இரண்டையும் ஒப்பிடுவது. சர்வதேச விதிப்படி 100-க்கு மேற்பட்ட சர்க்கரைக்கு நூற்றுக்குப் பதினைந்து முன்பின் போகலாம். அதற்கு மேல் போனால் கோளாறு. ஆனால் கவனியுங்கள்: எந்த வழியில் சோதித்தாலும் முத்திரையை உடைத்துத்தான் ஆகவேண்டும். முத்திரை உடைந்தால் சந்தையில் அந்தப் பெட்டிக்கு விலை இல்லை! அதாவது, சோதிக்காதவரையில்தான் அது சரக்கு; சோதித்த சரக்கை எவனும் வாங்கமாட்டான். கோவில் பிரசாத டப்பாவிலிருந்து தாயத்து வரையில் இந்த வியாபாரத்தை நாம் எத்தனை தரம் பார்த்திருக்கிறோம்! பிரித்துப் பார்க்கக்கூடாது என்பதுதானே அதற்கும் முதல் நிபந்தனை?

மறுநாள் காலை அக்காளையும் உட்காரவைத்து 14 பெட்டியையும் தரையில் பரப்பினேன். தேதி முடிந்தவை 4. அவை போயின. ஐஸ் பெட்டியில் இன்சுலினோடு இருந்தவை 3. மருந்தென்றால் குளிரில்தான் இருக்கவேண்டும் என்பது மச்சானின் எண்ணம். குளிரிலிருந்து எடுத்ததும் சொம்பில் வேர்க்குமே, அந்த ஈரம் ஸ்டிரிப்புக்கு ஆகாது. அவையும் போயின. அவர் காரில் சாமான் வைக்கிற குழியில் 2 பெட்டி. அந்தக் கார் சித்திரையிலும் வைகாசியிலும் வேப்பமரத்து நிழல் விலகிய இடத்தில்தான் நிற்கும். திறந்த டப்பா ஒன்று. அந்தத் திறந்த டப்பாவில் ஒன்றை எடுத்து, ஆய்வுக்கூடத்துக்குப் போன அன்று என் விரலிலேயே பார்த்தேன். ஆய்வுக்கூடம் 182 என்றது. ஸ்டிரிப் 121 என்றது. அந்த 121-ஐ நம்பியிருந்தால் நான் இன்று இங்கே வருகிற வழியில் மிட்டாய்க்கடைக்குப் போயிருப்பேன்.

மிச்சம் 4 பெட்டி. முத்திரை பிரியாதவை, தேதி 8 மாதம் பாக்கி, நான்கிலும் ஒரே தயாரிப்பு எண். போன ஐப்பசியில் மருமகன் கைப்பையில் கொண்டுவந்து உள்ளறை அலமாரியில் வைத்தவை. எங்கள் ஊர்க் கோடையைப் பார்க்காதவை. நம் ஊரில் சித்திரை மாதம் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டிவிடும் என்பதால் இந்தக் கணக்கு முக்கியம். இதற்கு என்ன விலை சொல்லலாம்? பெட்டிக்கு 50, ஆக 200 ஸ்டிரிப். கடை விலையில் 2,000 ரூபாய்க்குக் குறையாது. ஆனால் இது மச்சானுடைய அமெரிக்க மிஷினுக்கு மட்டுமே பொருந்தும். ஒரே கம்பெனியிலேயே ஒரு மிஷினின் ஸ்டிரிப் பெரும்பாலும் இன்னொன்றில் செல்லாது. ஆகவே மிஷினோடு சேர்த்து ஒரே ஒருவருக்குத்தான் இது பயன்படும். அந்த ஒருவர் மாத்திரை மட்டும் சாப்பிட்டு வாரம் இரண்டு தரம் பார்க்கிறவரானால், 8 மாதத்தில் 70 செலவாகும், மீதி 130 குப்பைக்கு. தினம் மூன்று தரம் பார்க்கிறவரானால் 67 நாளில் முழுதும் தீர்ந்துவிடும். ஒரே சாமான், ஒருவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மதிப்பு, இன்னொருவருக்கு முழு மதிப்பு. தரகர் சொன்ன 300 ரூபாய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அன்றியும் சட்டம் ஒன்று இருக்கிறது. 1940-ஆம் வருஷத்து மருந்துச் சட்டமும், 2017-ஆம் வருஷத்து மருத்துவக் கருவி விதிகளும் உரிமமோ பதிவோ இல்லாமல் இவற்றை வியாபாரம் செய்ய இடம் கொடுப்பதில்லை. ஆகவே வீடு வீடாக வந்து வாங்குகிறவரிடமிருந்து எந்தக் கடைக்காரர் சரக்கு எடுக்கிறாரோ, அவர் கடையில் நாம் தலைவலி மாத்திரைகூட வாங்கக்கூடாது. பில்லோடு வாங்கிப் பிரிக்காத பெட்டியை, வாங்கின கடையிலேயே சில நாளுக்குள் திருப்பிக் கேட்பது வேறு. அதைத் தாராளமாகக் கேளுங்கள்.

பெட்டி மிஞ்சுவதே ஏன் என்றும் யோசிக்க வேண்டும். எத்தனை நாளைக்கு ஒரு தரம் பார்ப்பது என்று டாக்டரைக் கேட்டு, அந்தக் கணக்குக்கு வாங்குகிறவர் வீட்டில் மிஞ்சாது. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் துவக்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் வந்தால் வேலையிருக்கிறது, நாளைக்கு வா என்று அனுப்பாதீர்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வரும்போது, அப்பாவுக்கு எந்த மிஷின், மாதம் எத்தனை என்று கேட்டுக் கொண்டுவரட்டும். மலேயா, சிங்கப்பூர் பக்கத்து மிஷின் வேறு கணக்கில் எண் காட்டும். அங்கே 7 என்றால் நம் கணக்கில் 126. அது தெரியாமல், 7-தான் இருக்கிறது, சர்க்கரையே இல்லை என்று இனிப்புச் சாப்பிட்டவரை நான் அறிவேன்.

அந்த 4 பெட்டியும் மிஷினும், அக்காள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இன்சுலின் போட்டுக்கொள்கிற ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்குப் போயின. கொடுக்கிறவர்களுக்கு முத்திரையைப் பற்றிக் கவலை இல்லாததால் ஒரு பெட்டியைப் பிரித்து, அவள் ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுத்த அன்றே பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அங்கே 164, இங்கே 158. டாக்டரிடம் இரண்டையும் காட்டி, அவர் சரியென்ற பிறகுதான் அவள் எடுத்துக்கொண்டாள். பணம் வாங்கவில்லை. அக்காள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சொசைட்டி நகை இன்னும் சொசைட்டியில்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். "மிச்சம் 10 பெட்டி இருக்குதுல்ல, அதே 300-க்குக் குடுங்க" என்றார். அதில் 4 காலாவதியானது, 2 காரில் வெந்தது, ஒன்று திறந்தது என்று விவரமாகச் சொன்னேன். "பரவாயில்ல" என்றார். "உங்களுக்குப் பரவாயில்லை, போட்டுப் பார்க்கிறவருக்கு?" என்று அக்காள்தான் கேட்டார். அவர் பதில் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்று மாலையே 10 பெட்டியையும் பிரித்து, ஸ்டிரிப்புகளைக் கத்தரித்து, டப்பாவில் இருந்த தேதிச் சீட்டுகளை மட்டும் எடுத்து வைத்தோம். அவற்றை உங்களுக்குக் காட்டக் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டிகளை எடுத்துவந்த தோழர்கள் இந்த மேஜைக்கு வாருங்கள். வெளிச்சம் போவதற்குள் தேதியையும், எங்கே வைத்திருந்தீர்கள் என்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.